பாதி வீதியில் எழும்பிய என் தங்கை

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில், வட்டுக்கோட்டைக்குக் கிட்ட இருக்கிற எங்கள் ஊர் அம்மன் கோயில் தேரன்று நடந்தது இது.

என் தங்கை நோர்வேயில் நேர்ஸ். சும்மா ஆகிவிடவில்லை. கலியாணம் கட்டிப் போன புதிதில் ஒரு முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்தாள். பிள்ளைகளை நித்திரையாக்கிவிட்டு அந்த நாட்டு மொழியைப் படித்தாள், பிறகு நேர்ஸ் வேலைக்குப் படித்தாள். அம்மா படுக்கையில் விழுந்தபோது லீவு எடுத்து வந்து குளிப்பாட்டித் துடைத்தது அவள்தான். அந்தப் பனிக்குள்ளும் ஒரு வெள்ளிக்கிழமை விரதம் விட்டதில்லை. இதெல்லாம் இங்கே பலருக்குத் தெரியாது. "வெளிநாட்டுக்காரி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதற்கு முந்தின குளிர்காலத்தில் அவளுடைய மகனின் கார் பனியில் சறுக்கி மரத்தில் மோதியது. பெடியன் பிழைப்பானோ என்றுகூடத் தெரியவில்லை. அவன் எழும்பி நடந்தால் ஊர்க் கோயில் தேருக்கு வந்து அடியழிப்பதாக அவள் நேர்ந்தாள். அவன் நடந்தான். அவள் வந்தாள்.

அடியழித்தல் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தேருக்குப் பின்னால் ஆண்கள் வீதியில் உருண்டு பிரதட்டை செய்வார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள் ஒவ்வோர் அடிக்கும் நிலத்தில் விழுந்து கும்பிட்டு எழும்பி வருவார்கள். கோயில் வாசலில் தொடங்கினால் வீதி சுற்றி வாசலில்தான் முடிக்க வேண்டும். நடுவில் விட்டால் நேர்த்தி பழுது, யாருக்காக வைத்ததோ அவர்களுக்கே கேடு என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. தங்கை அதை முழுதாக நம்புகிறவள். நான் அவ்வளவு நம்புகிறவள் இல்லை. தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் நடந்தேன், அவ்வளவுதான்.

மேற்கு வீதியில், எங்களுக்கு முன்னால் உருண்டுகொண்டிருந்த ஒருவர் திடீரென்று எழும்பிக் குந்தினார். கைகால் உதறியது. உடம்பெல்லாம் வியர்வை. வாய்க்கு வந்ததைக் கத்தினார். உடனே ஒரே ஆரவாரம்.

"உரு வந்திட்டுது! அம்மாள் வந்திட்டா!"

மேளக்காரர் இன்னும் வேகமாக அடித்தார்கள். ஒருவர் வேப்பிலையால் விசிறினார். ஒரு மனுசி ஓடிவந்து கைகூப்பி, "தாயே, என்ரை மகனுக்கு விசா கிடைக்குமோ?" என்று கேட்டாள். அந்த மனிதர் பதில் சொல்லாமல் அப்படியே சரிந்து விழுந்தார். பல் கிட்டிவிட்டது. அதற்கும் கும்பிட்டார்கள்.

தங்கை நிலத்தில் கிடந்தபடி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். போய்க்கொண்டிருந்த தேரைப் பார்த்தாள். கண்ணை ஒருதரம் இறுக்கி மூடினாள். பிறகு எழும்பி ஓடினாள்.

அவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, அழுதுகொண்டு நின்ற அவருடைய மனைவியைக் கேட்டாள்.

"சீனி வருத்தம் இருக்கோ இவருக்கு?"

"ஓம், இருக்கு. விடிய இன்சுலின் ஊசி போட்டவர்."

"சாப்பிட்டவரோ?"

"விரதமெல்லோ!"

இடுப்பில் சால்வை கட்டிய கோயில் தொண்டர் ஒருவர் குறுக்கே வந்தார். "பிள்ளை, தொடாதையுங்கோ. அம்மாள் நிக்கிறா. வெளிநாட்டிலை இருந்து வந்து எங்களுக்குப் படிப்பிக்க வேண்டாம்."

தங்கை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அம்மாள் நிண்டால் நிக்கட்டும். இவருக்கு இரத்தத்திலை சீனி இறங்கிப் போச்சு. அக்கா, தண்ணீர்ப்பந்தலிலை சர்க்கரை வாங்கிக்கொண்டு ஓடி வா. ஆராவது அம்புலன்ஸுக்குப் போன் அடியுங்கோ."

நான் ஓடினேன். சர்க்கரைக் கட்டியோடு திரும்பி வந்தால் அந்தத் தொண்டர் இன்னும் வழியில் நிற்கிறார். "அண்ணை, நீங்களா விலத்துறியளோ, நான் தள்ளி விழுத்தட்டோ?" என்று கேட்டேன். விலத்தினார்.

அவள் சர்க்கரையை விரலால் குழைத்து அந்த மனிதரின் கன்னத்தின் உள்பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசினாள். மனைவி அவள் கையைப் பிடித்தாள். "வாயிலை வைக்காதையுங்கோ, விரதம் முறிஞ்சிடும்!"

"முறியட்டும். ஆள் மிஞ்சோணும்."

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மேளம் நின்றுவிட்டது. சனம் முணுமுணுத்தது. தங்கை மட்டும் அவர் முகத்தையே பார்த்தபடி பூசிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் கண் திறந்து, சுற்றி நின்ற எங்களைப் பார்த்து, "என்ன, தேர் போயிட்டுதோ?" என்றார். சிரித்துவிட்டோம். மனைவி அழுதுகொண்டே அவர் தோளில் இரண்டு அடி போட்டாள். பிறகுதான் மெல்ல மெல்லச் சர்க்கரைத் தண்ணி பருக்கி அம்புலன்ஸில் ஏற்றினார்கள். இன்னும் பிந்தியிருந்தால் ஆள் தப்பியிராது என்று ஆசுப்பத்திரியில் சொன்னார்களாம்.

அதற்குள் தேர் இருப்பிடத்துக்கு வந்துவிட்டது. எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் கதைத்தார்கள். "பாவம், நேர்த்தி பழுதாப் போச்சு. பெடியனுக்கெண்டு வைச்சதெல்லோ."

திரும்பினேன். "உங்கடை புருஷன் விழுந்து கிடந்திருந்தாலும் இப்பிடித்தான் கதைப்பியளோ?"

தங்கையைக் காணவில்லை. தேடிப் போனால், கோயில் மடத்துக்குப் பின்னால் நிலத்தில் குந்தியிருந்து மகனோடு போன் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பன், எங்கை நிக்கிறாய்? வீட்டையோ? இண்டைக்குக் கார் எடுக்காதை. ஏனெண்டு கேக்காதை. எடுக்காதை."

"அம்மா, நான் நித்திரை!" என்று மகன் சினப்பது எனக்கே கேட்டது. அந்தச் சினப்பைக் கேட்டுத்தான் அவள் அழுதாள்.

"பயந்திட்டியோ?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. எழும்பேக்கையே பயம். என்ரை பிள்ளையின்ரை முகந்தான் கண்ணுக்குள்ளை நிண்டது."

"பிறகேன் எழும்பினாய்?"

என்னை முறைத்தாள். "உதென்ன கேள்வி? ஆள் சாகுதெல்லோ!"

முகத்தைத் துடைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே மேற்கு வீதிக்குப் போய், விட்ட இடத்தில் விழுந்து கும்பிட்டாள். வீதியில் வேறு யாரும் இல்லை. மண் கொதித்தது. நான் வாளியில் தண்ணீர் அள்ளி அவளுக்கு முன்னால் ஊற்றிக்கொண்டு போனேன். வாளி முடியும் நேரம் அந்தத் தொண்டர் இன்னொரு வாளி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நான் நன்றி சொல்லவில்லை. அவள் வாசல் வரைக்கும் ஓர் அடியும் விடாமல் முடித்தாள்.

சாமியை நம்பாதவள் ஒருத்தி எழும்பியிருந்தால் அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. தன் பிள்ளைக்குக் கேடு வரும் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவருக்காக எழும்பினாள் என் தங்கை. பக்தி என்றால் என்ன என்று இனி எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அது மண் அப்பிய சேலையோடு மேற்கு வீதியில் எழும்பி ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தவள்.