அண்ணன் பேசுவதற்கு வாங்கிய கருவி

எங்கள் அண்ணன் கர்த்தரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நான்கு வரி எழுதித் தரும்படி மதினி சொன்னார்கள். எழுதுகிறேன். மனம் மரத்துக் கிடக்கிறது. அழுகை இன்னும் வரவில்லை.

அண்ணன் நாசரேத்தில் பிறந்தார்கள். தகப்பனார் சீக்கிரமே இறந்துவிட, படிப்பை நிறுத்திவிட்டுத் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் டாலி கிளார்க்காகச் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார்கள். தோணியில் ஏறும் மூட்டைகளை அவர்கள் எண்ணும் சத்தம் அடுத்த தோணிவரை கேட்கும். வீட்டிலும் வாய் ஓயாது. சாப்பாட்டு நேரத்தில்தான் பேச்சு அதிகம்.

தொண்டையில் புற்று வந்து, மதுரையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். பேசுவதற்கு இரண்டு வகைக் கருவி உண்டு என்றார் டாக்டர். ஒன்று வாய்க்குள் குழாய் வைப்பது, மற்றது கழுத்தில் வைத்து அழுத்துவது. அண்ணன் சிலேட்டில் எழுதினார்கள்: "கழுத்தில் வைப்பதே போதும். வாயில் குழாய் இருந்தால் சாப்பிடும்போது எப்படிப் பேசுவது?" டாக்டரே சிரித்துவிட்டார்.

சபையார் காணிக்கை எடுத்தார்கள். துறைமுகத்து நண்பர்கள் ஒருநாள் சம்பளத்தைத் தந்தார்கள். கப்பலில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் கருவியை வெளிநாட்டில் வாங்கி வந்தார். அதற்குரிய பாட்டரி இங்கே கிடைக்காது என்று ஆறு பாட்டரிகளும் சேர்த்துக் கொண்டு வந்தார். ஒன்றைப் போட்டுவிட்டு மீதியை நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது, ஏற்ற இறக்கம் இல்லாத அந்தக் குரலில், அண்ணன் துறைமுகக் கதை ஒன்றை ஆரம்பித்தார்கள். மதினி ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான்தான் குறுக்கே விழுந்தேன்.

"அண்ணே, ஊர்க்காரங்க தந்தது. பாட்டரி தீந்துட்டா எங்கன போயி வாங்க? முக்கியமானத மட்டும் சொல்லுங்க."

அண்ணன் கருவியை அணைத்துவிட்டு, சாப்பிட்டு எழுந்தார்கள். அதன்பிறகு "தண்ணி", "மருந்து", "போயிட்டு வாரேன்", அவ்வளவுதான். எவ்வளவு சிக்கனமாக இருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமைகூட.

நோய் திரும்பி வந்தது. கடைசி நாள் மத்தியானம் கருவியை எடுத்து, "ஏலே, கொஞ்சம் பேசட்டா?" என்று கேட்டார்கள். என்னைப் படிக்க வைத்த அண்ணன், என்னிடம் அனுமதி கேட்டார்கள்.

"பேசுங்கண்ணே, பேசுங்க" என்றேன்.

"ஒம் மதினி கஞ்சில உப்பே போடல."

மதினி சிரித்தார்கள். அதற்கு மேல் பேச அண்ணனுக்குத் தெம்பில்லை. சாயங்காலம் உயிர் பிரிந்தது.

சபையாருக்கும், துறைமுகத்து நண்பர்களுக்கும், கப்பல் நண்பருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நீங்கள் கொடுத்ததை அண்ணனிடம் முழுதாகச் சேர்க்காதவன் நான். மன்னியுங்கள்.

கருவியைப் போன மாதம் பெரியதாழையில் அதே நோய் கண்ட ஒருவருக்குக் கொடுத்தோம். பிரிக்காத ஐந்து பாட்டரிகளையும் அவருடைய மனைவியிடம் நீட்டினேன். மதினி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்: "இதப் பூட்டி மட்டும் வச்சிராத தங்கச்சி. அவுக கண்டதையும் பேசட்டும்."