பதினொன்றரை மணிக்கு உச்சிப்பொழுது

அந்தத் தலைமை ஆசிரியரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. வயதாகிவிட்டது, விட்டுத்தள்ளு என்கிறார் வீட்டுக்காரர். எனக்குத்தான் வயதாகிவிட்டது, என் கோபத்துக்கு ஆகவில்லை.

2003ஆம் வருடம். அனுமந்தன்பட்டியைத் தாண்டி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம், அந்த ஊர் ஒரு பாவமும் செய்யவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு டீச்சர். வானத்தைப் பற்றிய பாடத்தைப் புத்தகத்தை வைத்து ஒப்பிக்கச் சொல்ல எனக்குப் பிடிக்காது. அடுப்புச் சாம்பலைத் தட்டில் பரப்பி, மேலிருந்து கோலிக்குண்டைப் போடச் சொல்வேன். நிலாவில் பள்ளம் எப்படி விழுந்தது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஒரு பிள்ளையை நடுவில் பூமியாக நிறுத்தி, இன்னொன்றை நிலாவாக அவள் முகத்தைப் பார்த்தபடியே சுற்றி வரச் சொல்வேன். சுற்றி முடித்ததும், "டீச்சர், நானும்ல ஒரு சுத்து சுத்திப்புட்டேன்!" என்று நிலா கத்தும். பக்கத்து வகுப்புக்காரர்கள் சன்னலில் தொங்குவார்கள்.

அந்த ஜூனில் மைதானத்தில் ஒரு நாலடிக் கம்பை, கொத்தனாரின் தூக்குக்குண்டு வைத்து நேர் பார்த்து நட்டோம். எங்கள் பகுதியில் வருடத்துக்கு இரண்டு முறை சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வரும், அப்போது கம்புக்கு நிழலே இருக்காது. ஒன்று சித்திரை பிறந்ததும் வரும், அது பரீட்சை நேரத்தில் போய்விடும். மற்றது ஆகஸ்ட் கடைசியில். அதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கம்பின் நிழல் மிகவும் குட்டையாவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, பன்னிரண்டு இருபதை ஒட்டி என்பதை ஒரு வாரம் வெயிலில் உட்கார்ந்து அவர்களே கண்டுபிடித்தார்கள். "அதான் பள்ளிவாசல் போர்டுல லுஹர் தொழுகைய அதுக்கு அப்புறமா எழுதியிருக்காக டீச்சர்" என்றான் பள்ளிவாசல் தெருப் பையன் ஒருவன். எனக்கே அதுவரை தோன்றவில்லை.

தினமும் அந்த நேரத்தில் நிழலின் நுனியில் ஒரு கலர் பாட்டில் மூடியை ஆணி வைத்து அடிப்பாள் ஒரு சிறுமி. தாயும் மகளுமாக இருக்கிற குடும்பம், தாய்க்குத் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. இவள் பேசவே மாட்டாள். ஆனால் அந்த மூடிகள் விஷயத்தில் யாரையும் கிட்டே விடமாட்டாள். தெற்கே தொடங்கிய மூடி வரிசை நாளுக்கு நாள் கம்பை நோக்கி ஊர்ந்து வந்தது.

சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் தலைமை ஆசிரியர் மைதானத்தைப் பார்த்தார். கொடியேற்றுகிற இடத்தில் சாணி தெளித்துக் கோலம் போட வேண்டுமாம், மூடிகள் காலில் குத்துமாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய பையன்களை விட்டுக் கம்பைப் பிடுங்கினார், மூடிகளைப் பெயர்த்துக் குப்பையில் எறிந்தார். நான் ஓடி வருவதற்குள் அந்தச் சிறுமி அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"புடுங்காதீக சார், இந்த மாசக் கடைசியில நெழலே காணாமப் போயிரும் சார்."

அவர் சிரித்தார். "நாளைக்குத் தோட்டத்துல களையெடுக்கப் போறவளுக்கு வானம் எதுக்குடி?"

மொத்தப் பள்ளியும் சிரித்தது. அதற்கு மறுவாரத்திலிருந்து அவள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவளுடைய தாய், "பெரிய சாரே சொல்லிட்டாக டீச்சர். இனி என்னத்தப் படிச்சு? எங்கூடத் தோட்டத்துக்கு வரட்டும்" என்றாள். சிறுமி உள்ளே திரும்பி உட்கார்ந்திருந்தாள், முகத்தைக் காட்டவே இல்லை. இந்த ஆளை நாலு பேர் முன்னால் நிறுத்தி மானத்தை வாங்காமல் விடுவதில்லை என்று அன்றே கறுவிக்கொண்டேன்.

வேலையை அவரே எனக்குச் சுலபமாக்கினார். தலைமை ஆசிரியர்கள் கூட்டத்தில் கல்வி அலுவலர், உங்கள் பள்ளியில் புதிதாக என்ன செய்கிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார். இவரிடம் சொல்ல என்ன இருக்கிறது? நிழலில்லா நாள் கொண்டாடப் போகிறோம், வாருங்கள் என்று தன் யோசனையைப் போலச் சொல்லிவிட்டு வந்தார். பிடுங்கிய கைதான் அழைப்பும் வைத்தது. வெட்கமாவது மண்ணாவது!

"டீச்சர், அந்தக் கம்பு சமாசாரம் என்னைக்கு வருது?" என்றார்.

"புதன்கிழமை சார்."

உடனே சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தார். அவர் எதற்கும் அதைப் பார்ப்பார், சாக்பீஸ் பெட்டி உடைப்பதற்குக்கூட. புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை. "அப்பப் பதினொன்றரைக்கு வச்சு, பன்னெண்டுக்குள்ள முடிச்சிருவோம்."

"சார், சூரியன் உச்சிக்கு வர்றது பன்னெண்டு இருவதுக்கு."

"நல்ல காரியத்த ராகு காலத்துலயா வைப்பாக? அரை மணி முன்னப்பின்ன ஆனா சூரியன் கோவிச்சுக்கவா போகுது?"

கோவித்துக்கொள்ளாது சார், ஆனால் உங்களுக்காக ஓடியும் வராது என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். "ஆபீசர் முன்னால நீங்களே விளக்கினாத்தான் சார் எடுப்பா இருக்கும்" என்றேன். மனிதருக்கு வாயெல்லாம் பல்.

வகுப்பில் கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளிடம் சொன்னேன்: "புதன்கிழமை பெரிய சார் என்ன சொன்னாலும் ஒரு பய வாயத் தெறக்கக் கூடாது." முப்பது வாய்களும் மூடியிருந்தன. நான் நடத்தியதில் அவர்கள் முழுதாகக் கேட்ட ஒரே பாடம் அதுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தத் தாயைத் தேடிப் போனேன். "நாளைக்குத் தோட்டத்துல சோத்துக்கு விடற நேரம் பிள்ளையக் கூட்டிட்டு வா ஆத்தா. வந்து பாத்துட்டுப் போ, அப்புறம் நீ என்ன செஞ்சாலும் நான் கேக்கல." அவள் கூலிக்காசை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமை காலையில் மேற்கு மலையில் மேகம் அடைத்திருந்தது. நான் நிமிடத்துக்கொரு தரம் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். பத்து மணிக்கு மேல் காற்று அடித்து வானம் கழுவிவிட்டாற்போல வெளுத்தது. மண் நிரப்பிய பெயிண்ட் வாளியில் கம்பை ஊன்றி, வாளிக்கு மாலை போட்டு, ஒலிபெருக்கியும் வைத்திருந்தார் தலைமை ஆசிரியர். ஊர்ப் பெரியவர்கள் நாற்காலியில். கல்வி அலுவலர் வந்ததும் இவர் தொடங்கினார். இந்தப் பள்ளியில் தான் அறிவியலை எப்படி வளர்க்கிறார் என்று பேசினார் பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பிறகு கையை ஓங்கி, "இதோ, நிழல் மறைகிறது!" என்றார்.

நிழல் மேற்குப் பக்கம் ஒரு சாணுக்கு மேல் நீட்டிப் படுத்துக் கிடந்தது.

"நெழல் நல்லாத்தான சார் இருக்கு?" என்றார் அலுவலர்.

"இப்பப் போயிரும் சார்."

போகவில்லை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். காலண்டரில் நீங்கள் பார்த்த நல்ல நேரம்தானே சார் என்கிற முகத்தோடு நின்றேன். கடைசியில் அவர் மாலையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, கம்பைச் சூரியன் பக்கமாகச் சாய்த்தார். நிழல் குறுகியது. அலுவலர் வாய்விட்டுச் சிரித்தார். "கம்பச் சாய்ச்சா எந்த ஊர்லயும் எந்த நேரமும் நெழல் போயிரும் சார்!" ஒலிபெருக்கி அதையும் ஊருக்கும் தோட்டத்துக்கும் சேர்த்துச் சொன்னது. தலைமை ஆசிரியர் மூஞ்சியில் ஈயாடவில்லை. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அன்று எனக்குக் கிடைத்த சந்தோஷம் என் கல்யாணத்தில்கூடக் கிடைத்ததில்லை.

அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலத்துக்கு முன் அவரும் கிளம்ப வேண்டுமே, ஜீப் பன்னிரண்டுக்குள் பறந்தது. பெரியவர்களும் எழுந்து போனார்கள். தலைமை ஆசிரியர் அறைக்குள் போய் உட்கார்ந்தார்.

அப்போதுதான் அந்தத் தாயும் மகளும் வேலியோரம் வந்து நின்றார்கள். நான் தூக்குக்குண்டை எடுத்துச் சிறுமியின் கையில் கொடுத்தேன். அவள் கம்பை நிமிர்த்தி, நேர் பார்த்து, மண்ணை அழுத்தினாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். நிழல் அரைச் சாண் ஆனது, நாலு விரல் ஆனது, விரலகலம் ஆனது. பிறகு வாளிக்குள் கம்படியில் ஒடுங்கி, இல்லாமல் போனது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் சத்துணவு ஆயா கரண்டியோடு ஓடி வந்தார். சிறுமி மட்டும் கத்தவில்லை. கம்பைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் தேடினாள்.

அவளுடைய தாய் கம்படியைப் பார்த்தாள். பிறகு அறையின் சன்னலைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "பெரிய சார் கொஞ்சம் வெளிய வந்து பாருங்க. எம்பிள்ள சொன்னது நடந்துச்சா, நீக சொன்னது நடந்துச்சா?"

சன்னல் சாத்தப்பட்டது.

மறுநாள் காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது ஐந்தாம் வகுப்பு வாசலில் அந்தச் சிறுமி நிற்பதைப் பார்த்தேன். தலை வாரி, பூ வைத்து, பையை மார்போடு அணைத்தபடி. எதிரே தலைமை ஆசிரியர். அவரால் அவளைத் திருப்பி அனுப்பவும் முடியாது, அவளுடைய தாய் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ம், உள்ள போய் உக்காரு" என்றார்.

"டீச்சர் வந்து கூப்புடட்டும் சார்" என்றாள் அவள்.

என்னைக் காணோமே என்று அவர் மைதானத்தைத் துழாவினார். அவளுக்கு நான் தாழ்வாரத் தூணோரம் ஒதுங்கி நிற்பது தெரியும், அவருக்குத் தெரியாது. உடனே போயிருக்கலாம். நான் செருப்பைக் கழற்றி, ஒவ்வொன்றாக, நிதானமாக மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.