ராணி அக்கா திருத்திக்கொள்ளாத சொல்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் நின்றபோதுதான் ராணி அக்காவின் மகன் எனக்குத் தொலைபேசி எடுத்தான். "அம்மா எங்களை விட்டுப் போயிட்டா, அன்ரி" என்றான். தோய்த்து எடுத்த விரிப்புகளை நான் மறுபடியும் இயந்திரத்துக்குள் போட்டு மூடினேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜெர்மனியில், பொன் (Bonn) நகரில் அக்கா ட்ராம் ஓட்டினவர். இதை வாசிக்கிற, அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய சிரிப்பும் தெரியும், பிடிவாதமும் தெரியும். எங்கள் பகுதி உதவிச் சங்கத்தில் தமிழ்ப் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அங்கே என்ன வேலை என்று நான் கேட்டதற்கு, "கை தூக்கத் தெரியும்தானே, வா" என்று கூட்டிப்போனார்.

பசிபிக் கடலில் உள்ள ஒரு சின்னத் தீவு நாட்டிலிருந்து ஒரு தாதி அங்கே பேச வந்தார். டீசல் கப்பல் பிந்தினால் அவருடைய ஆஸ்பத்திரியில் மின்சாரம் நின்றுவிடும், தடுப்பூசி பழுதாகிவிடும். சூரியத் தகடும் பற்றரியும் வைக்கக் காசு சேர்த்தோம். போதவில்லை. மிச்சத்தை வட்டிக்குத் தர ஒரு வங்கிக்காரர் முன்வந்தார். புயலில் உடைந்ததைக் கட்ட வாங்கின கடனையே தன் நாடு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது என்று அந்தத் தாதி சொல்லிவிட்டுத் தலை குனிந்தார்.

அக்கா எழும்பினார். கடன் அவர்களுக்கு இல்லை, எங்களுக்குத்தான் என்று ஜெர்மன் மொழியில் சொல்ல நினைத்து, கடனைக் குறிக்கும் 'ஷுல்டன்' என்பதற்கு 'ஷுல்ட்' என்று சொல்லிவிட்டார். வங்கிக்காரர் சிரித்துக்கொண்டே திருத்தினார். இன்னும் சிலரும் சிரித்தார்கள். அக்கா என் பக்கம் குனிந்து, என்ன பிழை விட்டேன் என்று கேட்டார்.

"நீங்கள் சொன்னது குற்றம் எண்டு வருது, அக்கா" என்றேன். சைக்கிளில் விழுந்து, பிழை யாருடையது என்று காப்புறுதிக்காரரோடு அலைந்ததில் நான் படித்த சொல் அது.

கொஞ்சம் யோசித்தார். "அப்ப சரியாத்தானே சொல்லியிருக்கிறன்" என்றார். பிறகு சபையைப் பார்த்து, சொன்னது சொன்னதுதான், திருத்தத் தேவையில்லை, கடனாகத் தராமல் கொடையாகத் தரச் சொல்லி நகரசபையைக் கேட்போம் என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

அகதியாக வந்த எங்கள் மேல் என்ன குற்றம் என்று திரும்பி வரும்போது நான் கேட்டேன்.

"முப்பது வருசமா ஆரின்ரை ஹீட்டரில குளிர் காயிறாய்? அந்தப் புகைதானே அங்க புயலா அடிக்குது" என்றார்.

செத்தவீட்டில் சங்கத் தலைவர் என் கையைப் பிடித்து, இனிமேல் யார் மறிக்கப்போகிறார்கள், அந்தக் கடனையே எடுத்துக் கொடுப்போமா என்று மெதுவாகக் கேட்டார். நல்ல மனிதர்தான். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

மகன் செய்யவேண்டிய கடனை மகன் செய்துவிட்டான். என்னுடையது இருக்கிறது. அக்காவின் நினைவாக நான் சேலை கேட்கவில்லை, படமும் கேட்கவில்லை. அந்தப் பிழையை எடுத்து வைத்திருக்கிறேன். வருகிற கூட்டத்தில் எழும்பி 'ஷுல்ட்' என்றுதான் சொல்வேன். திருத்துகிறவர்கள் திருத்தட்டும். நான் உட்காரமாட்டேன்.