மாப்பிள்ளை என்றொரு இயந்திரம்

ஆளுயர இரும்புப் பீப்பாய், அதன் தலையில் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும் ஒரு சிறு குழாய். சீஃப் இன்ஜினியரை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்னால் இதுதான் வந்து நிற்கிறது. எழுபதுகளின் நடுவில், சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஓடிய ஒரு பழைய சரக்குக் கப்பலில் நான் நான்காம் இன்ஜினியராக இருந்தேன். என்ஜின் அறையில் எங்கெங்கோ ஒழுகும் எண்ணெயும் தண்ணீரும் கலந்து கப்பலின் அடியில் தேங்கும். பில்ஜ் தண்ணீர் என்போம். அதுவரை எல்லோரும் அதை அப்படியே கடலில் இறைத்துத் தள்ளினார்கள். எண்ணெயைப் பிரித்துவிட்டுத் தண்ணீரை மட்டும் வெளியே விடும் அந்தப் புது இயந்திரத்தை, கம்பெனிக்குக் கடிதமாக எழுதித் தள்ளி வாங்கி வைத்தவர் சீஃப்.

அரை மணியில் முடிந்த வேலைக்கு இப்போது நாலு மணி நேரம் பிடித்தது. உள்ளே இருந்த வடிகட்டிகள் ஓயாமல் அடைத்துக்கொள்ளும். பீப்பாயைத் திறந்து, ஒவ்வொன்றாக உருவி, மண்ணெண்ணெயில் அலசி மாட்ட வேண்டும். மாட்டி முடித்த சூட்டிலேயே மறுபடி அடைக்கும். எந்நேரமும் ஆள் நின்று உபசரிக்க வேண்டியிருந்ததால் நாங்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தோம். "மாப்பிள்ளைக்குச் சோறு எறங்குச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஒருவர் வேலையை இன்னொருவர் ஏற்போம். சீஃபுக்கு இந்தக் கேலி தெரியும். சிரிக்க மாட்டார். ராயபுரத்துக்காரர், குட்டையான மனிதர், எதையும் மூன்று முறை சொல்லி உயிரை எடுப்பார். "தேங்க உட்டா தீப்புடிக்கும், வெளிய உட்டா கரைக்குப் போவும். கழுவுப்பா," என்பார். மறுநாளும் அதையே சொல்வார்.

ஒரு மாசி மாதக் காலை. கப்பல் தெற்கே போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது முறையாக வடிகட்டி அடைத்தது. நாங்கள் நிற்கும் இரும்புத் தட்டுக்குக் கீழே கறுப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. முழங்கை வரை மண்ணெண்ணெய் எரிய, எனக்குப் பொறுமை போய்விட்டது. இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு நேரே கடலுக்குப் போகும் பழைய குழாய் இன்னும் அங்கேயேதான் இருந்தது. அதன் வால்வைத் திறந்தேன். இருபது நிமிடத்தில் எல்லாம் காலி. மேலே இருந்து இரண்டாம் அதிகாரி போனில் கூப்பிட்டு, "உங்க ஊரு தெரியுதுப்பா, வந்து பாக்குறியா?" என்றார். என்ஜினுக்கு எண்ணெய் விடும் ஆளை நிற்கச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் ஏறிப் போனேன். மரக்காணத்துப் பனைவரிசை மெல்லிய கோடாகத் தெரிந்தது. கப்பலுக்குப் பின்னால், வாடைக்காற்றில் கரைப்பக்கமாகச் சாய்ந்தபடி, ஒரு கறுப்புப் பட்டை நீண்டிருந்தது.

மத்தியானம் சீஃப் இறங்கி வந்து பீப்பாயைத் திறந்து பார்த்தார். "வடிகட்டியும் சுத்தமா இருக்குது, பில்ஜும் காலியா இருக்குது. ரெண்டும் ஒண்ணா எப்படிப்பா?" என்றார். இப்போதுதான் கழுவி மாட்டினேன் என்று சொன்னேன். என் கையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து விடுப்பில் ஊருக்குப் போனேன். அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளத்தில் மூன்று பேர் மண்வெட்டியோடு நின்றிருந்தார்கள். ஓத நீரை உள்ளே விட்ட மறுநாளே பாத்திகளில் எண்ணெய் படிந்திருக்கிறது. மிதித்துப் பதப்படுத்தியிருந்த தரையைச் சுரண்டி எறிந்துவிட்டு, முதலிலிருந்து மிதிக்க வேண்டும். அந்த வருடத்தின் முதல் விளைச்சல் போயிற்று. அம்மா வரப்பில் உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் துணியால் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "கப்பல்ல இருக்கறவன்தானே நீ? எவன்டா இத ஊத்துறான்?" என்று அப்பா கேட்டார். "வெளிநாட்டுக் கப்பலுங்கப்பா," என்றேன். அது என் கப்பலின் எண்ணெய்தானா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அந்த வழியில் எத்தனையோ கப்பல்கள் போயின. ஆனால் அந்தப் பதில் பொய் என்பது மட்டும் தெரியும்.

கப்பலுக்குத் திரும்பியதும் சீஃபின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், அத்தோடு மனம் ஆறிவிடும் என்று எதிர்பார்த்தேன். அவர் எரிச்சலோடு நிமிர்ந்து, "எங்கிட்ட எதுக்குச் சொல்ற? நானா உப்பு வெளைவிக்கிறேன்?" என்று கேட்டார். அன்றே பழைய வால்வுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். கப்பலுக்குள் வெள்ளம் புகுந்தால் மட்டும் திறக்கலாம் என்று சாவியைக் கேப்டனிடம் கொடுத்தார்.

இரண்டே மாதத்தில், பில்ஜ் இறைக்க நேரம் பிடித்துத் துறைமுகத்தில் கப்பல் தாமதமாகிறது என்று காரணம் சொல்லி, கம்பெனி அவரைக் கரையில் ஒரு கிடங்குக்கு மாற்றியது. புதிதாக வந்த சீஃப் முதல் நாளே சங்கிலியை அறுத்தெறிந்தார். மாப்பிள்ளை மேல் அழுக்குத் துணி காய்ந்தது. அத்தனை கடிதம் எழுதிய மனிதருக்குக் கிடைத்த மரியாதை அது. யாரிடம் கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நானும்தானே அந்த வால்வைத் திறந்தவன்.

அடுத்த விடுப்பில் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். மடையை அடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "ஊரே அந்த வெளிநாட்டுக்காரனத் திட்டிச்சுடா," என்றார். அப்புறம், "அந்த மெஷினு இப்ப ஓடுதா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

"அப்ப இங்க வந்து ஏன் நிக்கிற? போய் ஓட்டு."

போனேன். என் முறையில் பழைய வால்வைத் திறக்க மாட்டேன் என்று புது சீஃபிடம் சொன்னேன். "அப்ப எல்லார் முறைக்கும் நீயே கழுவு," என்றார் அவர். அந்தக் கப்பலை விட்டு இறங்கும்வரை, என் ஓய்வு நேரத்திலும், நானே கழுவினேன். ஒரு நாள்கூட எரிச்சல் இல்லாமல் கழுவியதில்லை. கிடங்கில் இருந்த பழைய சீஃபுக்கு இதை ஒரு கடிதமாக எழுதினேன். வடிகட்டியை வெந்நீரில் ஊறவைத்தால் பிசுக்கு சீக்கிரம் விடும் என்று ஒரே வரியில் பதில் வந்தது.