அத்தான் தூக்கிய வண்டி

என் அக்கா வீட்டுக்காரர் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. கடைக்கு வருகிறவரை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் ஒரு கனத்த சட்டத்தை மாட்டி, லென்ஸ்களை மாற்றி மாற்றிச் செருகி, "முதல்ல பார்த்தது தெளிவா, இப்பப் பார்க்கிறது தெளிவா?" என்று கேட்பார். வந்தவர் குழம்பிப்போய் ரெண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது என்றால் அத்தானுக்குக் கோபமே வராது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். பொறுமையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தப் பொறுமைக்குப் பின்னாளில் பலியானவன் நான்.

இப்படிப்பட்ட மனிதர் திடீரென்று ஒரு நாள் புது வண்டி இறக்கினார். சாதாரண வண்டி இல்லை, சேறு, மணல், பாறை எதிலும் ஏறி இறங்குகிற ஜீப். அதுவரை அவர் வாழ்க்கையில் செய்த பெரிய சாகசம், கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ரிவர்ஸ் எடுத்ததுதான். தெருவே மூக்கின்மேல் விரல் வைத்தது. தலை நரைத்த பிறகு இவருக்கு ஏன் இந்த வேலை என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, முகத்துக்கு நேராகவே கேட்டும் வைத்தேன். என் வாய் அப்படி.

காரணம் அக்காதான் என்று அப்புறம் தெரிந்தது. அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முதுகெலும்பில் ஒரு வட்டு நகர்ந்ததிலிருந்து அவளுக்குக் குலுக்கல் ஆகாது. வீடு, பள்ளிக்கூடம், வீடு என்று இருந்துவிட்டாள். கல்யாணமோ காட்சியோ, அத்தான் தனியாகப் போய்த் தனியாக வருவார். டீச்சர் ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்கெல்லாம் முதுகெலும்பைப் பற்றி விளக்கிக்கொண்டு நிற்பார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய நீர்த்தேக்கம் உண்டு. சாயங்காலம் அங்கே பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். அதைப் பார்க்க வேண்டும் என்று அக்கா எப்போதோ வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அங்கே போகத் தார் ரோடு பாதிவரைதான். மிச்சமெல்லாம் குழியும் கல்லுமான மண் பாதை. அக்காவின் முதுகு அசையாமல் அந்தப் பாதையில் அழைத்துப் போகத்தான் அத்தான் ஜீப் வாங்கியிருக்கிறார். அவர் விடாமல் நச்சரித்ததில் அக்கா கடைசியாக இறங்கி வந்தாள்.

"ஒரு தடவை வர்றேன். முதுகு பிடிச்சுக்கிச்சுன்னா, அப்புறம் என்னை எங்கேயும் கூப்பிடக் கூடாது" என்றாள்.

இருப்பது ஒரே ஒரு தடவை. அதில் கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் தனியாகத்தான் போக வேண்டும். அத்தானுக்குத் தூக்கம் போனது.

வண்டிக்கு மேல்சாமான்கள் மாட்டுகிற கடை ஒன்று எங்கள் பக்கத்தில் இருக்கிறது. அதன் முதலாளிக்குப் பம்பர் என்று பெயர் வந்துவிட்டது. லைட் மாற்றப் போனவரைக்கூட இரும்பு பம்பர் மாட்டாமல் அனுப்பமாட்டார். அவர் மூக்கில் இருப்பது அத்தான் செய்து கொடுத்த கண்ணாடி. அந்த மரியாதைக்காக, எந்த டயரையும் எந்த ஸ்பிரிங்கையும் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். யாருக்குக் கொடுத்தோம் என்று யோசிக்கவில்லை.

டயரில் மூன்று ரகமாம். ரோட்டுக்கு ஒன்று, சேற்றுக்கு ஒன்று, ரெண்டுக்கும் பொதுவாக ஒன்று. அத்தான் ஒவ்வொன்றின் பல்லையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சேற்று டயரைப் போட்டு ஓட்டியதில் ஆயிரம் தேனீக்கள் கூடவே வருகிற மாதிரி சத்தம் கேட்டது. அக்கா தலைவலி என்பாள் என்று அதைக் கழற்றச் சொன்னார். பொது டயர் தேறியது. அதோடு விட்டாரா என்றால் இல்லை, அடுத்தது ஸ்பிரிங்.

பள்ளிக்கூடச் சுவர் ஓரம் ஒரு முரட்டு வேகத்தடை இருக்கிறது. பரிசோதனை அங்கேதான். அக்கா உட்கார வேண்டிய இடத்தில் அவளுக்குப் பதிலாக என்னை உட்கார வைத்தார். கூடப் பிறந்தவன், ஒரே எலும்பு என்பது அவர் கணக்கு. நான் பேக்கரியில் கேக் போடுகிறவன். விற்காத கேக்கை வீணாக்காதவன். எலும்பு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. பின்சீட்டில் பம்பர், அவருடைய கருவிப்பெட்டி, கழற்றிய டயர்கள், மாட்டாத ஸ்பிரிங்குகள். இத்தனையையும் ஏற்றிக்கொண்டு வேகத்தடையில் ஒரு தடவை ஏறி இறங்குவார். திரும்பிப் போய், ஸ்பிரிங்கை மாற்றி, மறுபடியும் வருவார்.

"முதல்ல குதிச்சது சொகுசா, இப்பக் குதிச்சது சொகுசா?"

ரெண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது என்றேன். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். பம்பர் மனுஷன் அழாத குறை. சாப்பாட்டு நேரம் தாண்டி, பசி காதை அடைத்தபோது, இருப்பதிலேயே தடித்த ஸ்பிரிங் மாட்டியிருந்தது. இதுதான் அத்தான், மெத்தை மாதிரி இருக்கிறது என்றேன். பசியில் சொன்னாலும் பொய் சொல்லவில்லை. அத்தனை பாரத்துக்கும் அது நிஜமாகவே மெத்தை மாதிரித்தான் இருந்தது.

அந்த ஸ்பிரிங்கையே நிரந்தரமாக மாட்டச் சொல்லி வண்டியைப் பம்பரிடம் விட்டார். உயரமான ஸ்பிரிங் போட்டு வண்டியின் உடம்பை மேலே ஏற்றுவதற்கு அவர்கள் தொழிலில் தூக்குவது என்று பேர். நம் பாஷையில் வண்டியைத் தூக்கினால் போலீசுக்குப் போக வேண்டும். வேலை முடிந்ததும் பம்பர் வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்தது அக்கா.

"மேடம், உங்க ஜீப்பைத் தூக்கிட்டோம்."

"ரொம்பச் சந்தோஷம். திரும்பக் கொண்டு வந்துடாதீங்க" என்று வைத்துவிட்டாள். பம்பர் வெகு நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். தூக்கிய வண்டியில் ஏற அக்காவுக்கு முக்காலி போட வேண்டியிருந்தது. நான் கையசைத்து அனுப்பி வைத்தேன். மிச்சம் அக்கா சொல்லிக் கேட்டது.

முதல் வேகத்தடையிலேயே அவள் சீட்டிலிருந்து எழும்பி உட்கார்ந்தாளாம். எப்படி எழும்பாமல் இருப்பாள்? பாரத்துக்கென்று செய்த ஸ்பிரிங். நானும் பம்பரும் கடைச்சாமான் பாதியும் உட்கார்ந்தபோது அமுங்கியது, காற்றடித்தால் சாய்கிற அக்காவுக்கு எங்கே அமுங்கும்? அத்தான் என் எடைக்கு வண்டி செய்துவிட்டார். தார் ரோட்டிலேயே ஒவ்வொரு பள்ளத்துக்கும் டங்கு டங்கென்று தூக்கிப் போட்டிருக்கிறது. அத்தானுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. நத்தை வேகத்தில் உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்து, எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தார் முடிகிற இடத்தில் அக்கா நிறுத்தச் சொல்லி, மெதுவாக இறங்கி, இடுப்பில் கை வைத்து நின்றாள். அத்தான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"அவ்வளவுதான் இல்ல? இனிமே வரமாட்டே" என்று கேட்டாராம். குரல் உடைந்துவிட்டது என்று அக்கா சொன்னாள். அந்தப் பாவம் என்னுடையது. அந்த மெத்தை என் வாயால் வந்ததல்லவா.

அக்கா பாதையைப் பார்த்தாள். மனுஷனைப் பார்த்தாள்.

"குலுங்கக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னார். நடக்கக் கூடாதுன்னா சொன்னார்? தினமும் நடங்கன்னு இல்ல சொன்னார். எறங்குங்க."

இதை இத்தனை நாள் ரெண்டு பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. படித்தவர்கள்தான் ரெண்டு பேரும். குழிக்கும் கல்லுக்கும் என்று பார்த்துப் பார்த்து வாங்கிய டயரைத் தார் ரோட்டு ஓரம் நிறுத்திவிட்டு, மண் பாதையில் நடந்தே போயிருக்கிறார்கள். அக்கா முன்னால். அத்தான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். போய்ச் சேர்ந்தபோது பறவைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அக்கா உட்காராமல் நின்றபடியே இருட்டும்வரை பார்த்தாளாம். அத்தான் பறவைகளைப் பார்த்த மாதிரி தெரியவில்லை, தன்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார் என்றாள். சொல்லும்போது அவளுக்கு வெட்கம். இந்த வயதில்.

மறுநாள் காலை, நான் மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது அத்தான் பேக்கரிக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் பல்.

"மச்சான், அடுத்த ஞாயித்துக்கிழமையும் வர்றேன்னுட்டா."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் சந்தோஷப்பட்டு ஒரு கேக்கைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம் அக்காவிடம் போனில் கேட்டபோதுதான், அவள் முழுசாகச் சொன்னது என்ன என்று தெரிந்தது. அடுத்த வாரமும் போகலாம், ஆனால் இந்த ஜீப்புக்குப் பஸ்ஸே தேவலை, தார் முடிகிறவரை பஸ்ஸில் போகலாம் என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பஸ் அத்தான் காதில் விழவே இல்லை.