கோட்டையில் குடுவை பிடித்த கதை

நான் பார்த்த உத்தியோகத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்கார டச்சுத் துரை ஒருத்தர் மருந்து காய்ச்சினார். கிராம்பையும் தண்ணீரையும் நீளக் கழுத்துக் கண்ணாடிக் குடுவையில் கொதிக்கவைத்துத் தைலம் இறக்குவார். அந்தக் கழுத்தைக் கவ்விப் பிடிக்க, திருகாணி வைத்த இரும்புக் கவ்வி ஒன்று அவர் ஊரிலிருந்து வரவேண்டியிருந்தது. கப்பல் வரவில்லை. ஆகவே கவ்விக்குப் பதிலாக என்னைப் போட்டார்கள்.

ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, காலையிலிருந்து உச்சி வரை குடுவையின் கழுத்தைப் பிடித்தபடி நிற்க வேண்டும். தும்மக்கூடாது, சொறியக்கூடாது. மூக்கில் ஈ உட்கார்ந்தால் அதுவாக எழுந்து போகிறவரை பொறுத்துக்கொள்ள வேண்டும். கை கொஞ்சம் அசைந்தால் போதும், துரை அவர் பாஷையில் பொரிந்து தள்ளுவார். துபாஷி அதைத் தமிழில் "ஆடாதே" என்று மட்டும் சொல்லுவான். அவ்வளவு நீள வசவும் அந்த ஒரு சொல்லில் எப்படித்தான் அடங்கியதோ!

கடலில் வளர்ந்தவனுக்கு இது ஒரு பிழைப்பா என்று கோட்டைக்குப்பமே கேலி செய்தது. செய்யட்டும். என் வீட்டுக்காரியின் நைனாவைக் கடல் கொண்டுபோயிற்று, அடுத்த வருஷமே அண்ணனையும். வயிற்றில் பிள்ளையோடு இருந்தவள், "இனிமே கட்டுமரத்துல கால் வைக்க மாட்டேன்னு சொல்லுய்யா" என்று அழுதாள். சொன்னேன். அந்த வாக்கைக் காப்பாற்ற எனக்குக் கிடைத்தது இந்தப் பாழாய்ப்போன குடுவைதான்.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கரையிலிருந்து இழுக்கும் வலை கனத்துவிட்டால் "கயிறு! கயிறு!" என்று கூவுவார்கள். காதில் விழுந்தவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து இழுக்க வேண்டும். சோற்றில் கை வைத்தவனும் எழுந்து வருவான். தாலி கட்டின கையோடு மாப்பிள்ளை ஒருத்தன் ஓடிவந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அன்று கடல் பக்கமிருந்து காற்று. தைலம் சொட்டத் தொடங்கிய நேரம் பார்த்து "கயிறு!" என்று கேட்டது. சத்தியமாக நான் யோசிக்கவே இல்லை. பாதி மணலைத் தாண்டின பிறகுதான் கையைப் பார்த்தேன். ஈரத்துணி மட்டும் இருந்தது. அட பாவி!

குடுவை சிதறி, தைலம் தரையோடு போயிற்று; துரை குதித்தார். சோம்பேறி, திருட்டுப்பயல், குரங்கு... அன்றைக்குத் துபாஷி ஒன்றுவிடாமல் தமிழாக்கினான். வேலை போயிற்று. கயிறு பிடித்ததற்குக் கிடைத்த நாலு கவலை மீனை வைத்து எத்தனை நாள் தின்பது? மறுபடி கடல்தான்.

பத்து நாளில் கப்பல் வந்தது, கவ்வியும் வந்தது. துரை அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, முத்தம் கொடுக்காத குறையாகப் புதுக் குடுவையில் மாட்டி, திருகாணியை இறுக்கினாராம். இது ஓடாது என்று பெருமை வேறு. சூட்டில் கண்ணாடி விரிந்தது, இரும்பு துளி இடம் கொடுக்கவில்லை. கழுத்து பட்டென்று முறிந்தது.

"தொரை இரும்பை இன்னா திட்டினாரு?" என்று துபாஷியைக் கேட்டேன்.

"திட்டல. கண்ணாடி சரியில்லன்னாரு."

இதை அவன் கரையில் நின்று சொன்னான். நான் கட்டுமரத்தை அலைக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். கடலுக்குப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து மூன்று நாளாக என்னோடு பேசாத என் வீட்டுக்காரி வயிற்றைத் தாங்கிக்கொண்டு கரைவரை வந்திருந்தாள். என் கையையே பார்த்தாள்.

"கண்ணாடிய வுட்டா மாதிரி துடுப்ப வுட்டுடாதய்யா" என்றாள்.