ஆல்வேனியாவின் பிரதிநிதியாகப் பாலக்காட்டுக்குப் போனேன்

மாதிரி ஐ.நா. சபைக்கு முதல்முறையாகக் கிளம்புகிற மாணவர்களுக்கு உதவலாம் என்று இதை எழுதுகிறேன். நான் போனது 1951 டிசம்பரில். அப்போது மதுரையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். வீடு கம்பம்மெட்டில், அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். மாணவர்களை நாடுகளின் பிரதிநிதிகளாக உட்காரவைத்து விவாதம் நடத்தப்போவதாகப் பாலக்காட்டுக் கல்லூரி ஒன்று அறிவித்திருந்தது. எங்கள் கல்லூரியிலிருந்து இப்படி ஒரு பெண் வெளியூர் போவது அதுதான் முதல் தடவை. "பரிசோடு வந்தால் அடுத்த வருஷமும் அனுப்பலாம்" என்றார் முதல்வர் அம்மா. அங்கே என்ன செய்யவேண்டும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எனக்குக் கிடைத்த நாடு ஆல்வேனியா. உலகப்படத்தில் கண்டம் கண்டமாகத் தேடினேன். அல்பேனியாதான் கண்ணில் பட்டது. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று முடிவுகட்டி, அல்பேனியாவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவைத்தேன்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்ததால் அங்கிருந்தே கிளம்பினேன். துணைக்கு அண்ணன் முருகேசன் வந்தான். கம்பம் வரை எட்டு மைல் மலையிறக்கம், ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஜீப்பில். கம்பத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு பஸ். அங்கிருந்து பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கு மீட்டர்கேஜ் ரயில். பழனியில் கூட்டம் இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது.

பாலக்காட்டில் குதிரைவண்டிக்காரர் விசாரித்தார். "மாநாடுங்களா? எந்தக் கட்சிங்க?"

"கட்சி இல்லீங்க, நாடு" என்றேன். அதன்பிறகு கல்லூரி வரும்வரை அவர் திரும்பியே பார்க்கவில்லை.

மண்டபத்தில் தலைவராக உட்கார்ந்திருந்த பேராசிரியர் விளக்கியதும் எனக்குத் தலை சுற்றியது. ஆல்வேனியா என்று ஒரு நாடே கிடையாது. எந்தத் தூதரகமும் கோபித்துக்கொள்ளக்கூடாதென்று, தகராறில் இருக்கும் இரண்டு நாடுகளை மட்டும் கற்பனை செய்திருந்தார்கள்; மற்றவை நிஜ நாடுகள். ஆல்வேனியா நெல் விளைகிற சமவெளி. பக்கத்திலிருக்கும் பெர்வோனா, ஒரு மணி நெல்லும் விளையாத மலை. தானியம் எல்லை தாண்டக்கூடாது என்று நான் வாதாட வேண்டும். கையில் கொடுத்த குறிப்பில் அப்படித்தான் இருந்தது.

அது அனுமதியில்லாமல் அரிசி எல்லை தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்த காலம். கம்பத்திலிருந்து வீட்டுச் சாப்பாட்டுக்கு வாங்கிவரும் அரிசியைக்கூட எங்கள் மேட்டின் எல்லைச் சோதனைச் சாவடியில் இறக்கிவைத்துவிடுவார்கள். பல நாள் எங்களுக்கு மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. நான் எழுந்து, மலைக்கு ஒரு பிடி தானியமும் போகக்கூடாது என்று ஆங்கிலத்தில் முழங்கினேன். கைதட்டினார்கள்.

தேநீர் இடைவேளையில் அண்ணன் ஓரமாகக் கூப்பிட்டான். "ஏத்தா, நம்ம வீட்டு அரிசிய நிறுத்தவா இம்புட்டுத் தூரம் வந்த?"

"நான் பேசலண்ணே, ஆல்வேனியா பேசுது."

"அப்ப அது பேசுறதுக்கு நாம பட்டினி கெடக்கணுமா?"

அதைக் கேட்டு பெர்வோனாவின் பிரதிநிதி சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். பெயர் சிக்கந்தர், வேலந்தாவளத்தில் அரிசிக்கடைக் குடும்பம். "ஏனுங்க, நீங்க மலைக்காரங்களா? நான் நெல்லு வெளையிற ஊருங்க. நம்ம ரெண்டு பேருக்கும் நாடு மாறிப்போச்சுங்க."

"உங்க ஊர்ல அரிசி வெளிய போனா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"வெல ஏறீருமுங்க. கூலிக்காரங்க கடைக்கு வந்துட்டு வெறுங்கையோட போவாங்க. அதப் பாத்துட்டுத்தான் இங்க வந்து தெறந்து உடுங்கன்னு பேசிட்டு இருக்கறேன்."

அதுவரை சாவடியின் எங்கள் பக்கம் மட்டுமே எனக்குத் தெரியும். ஆறிப்போன தேநீரோடு இருவரும் தாழ்வாரத்தில் நின்றே ஒரு பொதுத் தீர்மானம் எழுதினோம். லாரிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், ஊர்த் தேவை போக மிஞ்சியதே போகலாம். ஆனால் ஒரு குடும்பம் தன் சாப்பாட்டுக்குத் தலையில் சுமந்துபோகிற அரிசியை யாரும் தொடக்கூடாது.

சபையில் படித்ததும் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "குறிப்பில் இதற்கு இடமில்லையே. உங்கள் அரசாங்கத்தைக் கேட்டீர்களா?"

"என் அரசாங்கம் யார் சார்?"

மண்டபம் சிரித்தது. நான் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். "அதைப் பிரதிநிதிதான் முடிவு செய்யவேண்டும்" என்றார். எனக்கு அது பதிலாகவே படவில்லை. முதல்வர் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. இருந்தும் கையெழுத்துப் போட்டேன். தீர்மானம் நிறைவேறியது. பரிசு, கடைசிவரை குறிப்பைவிட்டு இம்மியும் நகராத வேறொரு மாணவருக்குப் போனது. ஆல்வேனியா தன் நாட்டின் நிலையைக் கைவிட்டது என்று நடுவர் காரணம் சொன்னார்.

அடுத்த வருஷம் எங்கள் கல்லூரி யாரையும் அனுப்பவில்லை. போக ஆசைப்பட்டிருந்த கமலா என்ற ஜூனியர் பெண் வெகுநாள் என்னோடு பேசவில்லை.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் நாடு நிஜமா கற்பனையா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குறிப்பை எவ்வளவு தூரம் மீறலாம் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள், நான் கேட்கவில்லை. மேடைப்பேச்சைத் தயாரித்த அளவுக்கு, எதிரணிக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்விகளையும் தயாரியுங்கள். தேநீர் இடைவேளையில் உங்கள் கல்லூரிக் கூட்டத்தோடு நிற்காதீர்கள்.

நான் செய்தது சரியா என்று கேட்டால் இன்றைக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. கமலாவை நினைத்தால் தப்பென்றுதான் தோன்றுகிறது. ஆனால் மறுபடி அந்தத் தாழ்வாரத்தில் நிறுத்தி எழுதச் சொன்னால், தலைச்சுமை அரிசியைப் பற்றிய வரியை முதலில் எழுதுவேன்.